வளைவில் வேப்பந்தழை

மாசி மாதம், வெள்ளிக்கிழமை, மாலை. காலையிலிருந்து வாடகைக் காரில் உட்கார்ந்து முதுகு ஓய்ந்துவிட்டது. வல்லம் தாண்டிச் செஞ்சியை நெருங்கும்போது காரின் திரை கத்துகிறது: முன்னால் வண்டி நிற்கிறது. எனக்குப் புளியமரங்கள்தான் தெரிகின்றன. செல்போன் கோபுரம் வழியாக அந்த வண்டியே அனுப்பும் சேதி என்று சொல்லி, ஓட்டுநர் முருகன் வேகத்தைக் குறைக்கிறார்.

வளைவில் நெல் மூட்டை லாரி ஒன்று இன்ஜின் நின்று பாதிச் சாலையை அடைத்திருக்கிறது. அதன் ஓட்டுநர் பின்னால் வேப்பந்தழையைப் பரப்பிக் கல் வைக்கிறார்.

“தழை இன்னாத்துக்குண்ணே? உன் லாரியே சொல்லிடுச்சே” என்று காரை லாரிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்கிறார் முருகன்.

“உன் காருக்குச் சொல்லிச்சு. மத்தவனுக்கு? பேட்டரி வேற இறங்குது, அப்புறம் அதுவும் ஊமைதான்.” என்னிடம் திரும்புகிறார். “மெக்கானிக் வர்ற வரைக்கும் பின்னால நில்லுங்க சார். லைட்டு எரியட்டும்.”

செஞ்சியில் நான் எடுத்திருக்கும் அறை பக்கத்தில்தான். படுத்தால் போதும் எனக்கு. போகலாம் என்று சொல்ல வாயெடுக்கிறேன். கணவன், மனைவி, நடுவில் குழந்தையோடு ஒரு பைக் பின்னாலிருந்து வேகமாக வருகிறது. லாரிக்காரர் துண்டை வீசியபடி எதிரே ஓடுகிறார். பைக் தழையில் ஏறி, ஆடி, கல்லருகே நிற்கிறது.

“நடுரோட்டுல கல்லு வெக்கிறியே, கண்ணு இருக்குதா?” என்று அந்தப் பெண் கத்துகிறாள்.

“இருக்குது தாயி, அதான் வெச்சேன்.”

குழந்தை வீறிட்டு அழுகிறது. அவர்கள் லாரியைச் சுற்றிப் போகிறார்கள். காரைப் பின்னுக்கு எடுத்து, வளைவு தொடங்கும் முன்பே நிறுத்தி விளக்கைப் போடும்படி முருகனிடம் சொல்கிறேன்.