அக்காவின் குரலும் இரண்டாம் பாகமும்

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனால் என் நாற்காலியில் ஒரு ஜோடி மஞ்சள் காலுறை. கம்பளி நூலில் கையால் பின்னியது. என் கட்டைவிரலுக்கு வேண்டுமானால் சரியாக இருக்கும். பக்கத்து மேசை பிர்கிட் எழுந்து வந்து என்னைக் கட்டிப்பிடித்து, "டில்லுக்க!" என்றார். டேனிஷில் வாழ்த்துகள் என்று பொருள். டென்மார்க்கில் ஒருவர் எழுந்து வந்து கட்டிப்பிடிக்கும் அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று விளங்கவில்லை. நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். இந்த ஊரில் புரியாததற்கெல்லாம் நன்றி சொல்லி, "யா, யா" என்று தலையாட்டினால் பிழைத்துக்கொள்ளலாம். யா என்றால் ஆமாம். மற்ற சொற்களைத் தொண்டைக்குள் உருட்ட வேண்டும். இது ஒன்றுதான் எனக்குத் தடங்கலின்றி வரும்.

மாலையில் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏங்க, எனக்கு ரெண்டாவது பிள்ளை நவம்பர்ல பொறக்கப் போகுதாமே! கடையில உங்க பிர்கிட் சொல்லித்தான் எனக்கே தெரியும்." அப்போதுதான் உறைத்தது. முந்தைய வாரம் சாப்பாட்டு மேசையில் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று பிர்கிட் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "இரண்டாவது வருகிறது, நவம்பரில். முதலாவது அவ்வளவு நன்றாக இருந்தது. இது எப்படி வருமோ என்று பயமாக இருக்கிறது" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, "எல்லோருக்கும் அந்தப் பயம் வரும். வந்த பிறகு இதையும் அதே அளவு நேசிப்பாய்" என்றார். அடேயப்பா, தமிழ் சினிமாவைப் பற்றி இந்த அம்மாவுக்கு எவ்வளவு தெளிவு என்று அன்று வியந்துபோனேன். காலுறையைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. என் மகளின் பொம்மை போட்டுக்கொண்டிருக்கிறது.

நான் சொன்னது ஒரு படத்தை. பெயர் எதற்கு, கம்பம் பள்ளத்தாக்கில் அதற்கு 'நம்ம படம்' என்றே பெயர். பன்னீர் திராட்சை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறிக் கேரளாவுக்குப் போகும் இரண்டு லாரிக்காரர்களின் கதை. முழுக்கச் சிரிப்பு. யாரும் யாரையும் வெட்டவில்லை. மதுரைக்கு இந்தப் பக்கம் எடுத்த படத்தில் அரிவாள் வரவில்லை என்றால், ஏதோ ஒரு ரீல் தொலைந்துவிட்டது என்றுதான் சென்னையில் நினைத்திருப்பார்கள். அதில் பண்ணையாரின் கார் ஒரு திராட்சைப் பந்தலில் மோதும் காட்சி வரும். பந்தல், அனுமந்தன்பட்டியில் எங்கள் ஈஸ்வரி அக்காவுடையது. நடிக்க வந்த பெண் வெயிலில் மயங்கிவிட, "நீங்களே ரெண்டு வார்த்தை திட்டுங்கம்மா" என்று அக்காவை நிறுத்திவிட்டார்கள். அக்கா இடுப்பில் கைவைத்தாள். "வந்தாக. பந்தலைச் சாய்ச்சாக. கண்ணாடிய ஏத்திக்கிட்டுக் கெளம்பிட்டாக. பெரிய மனுசுக, செத்த இருந்து ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டு, மிச்சப் பந்தலையும் சாய்ச்சிட்டுப் போகலாம்ல?" தியேட்டரே அதிர்ந்தது. காசில்லாத படம் என்பதால் அங்கே பதிவான சத்தத்தையே அப்படியே வைத்துவிட்டிருந்தார்கள்.

அதுவரை அக்காவுக்கு அவள் குரலே ஒரு குற்றம். "பொம்பளைக்கு இம்புட்டுக் கொரலு ஆகாதுத்தா" என்று கல்யாணமான நாளிலிருந்து மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காவும் வீட்டுக்குள் குரலை அடக்கிக்கொண்டு பேசிப் பழகிவிட்டாள். படம் வந்த பிறகு அதே மாமியார், உத்தமபாளையம் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம், "அந்தக் கொரலு எங்க வீட்டுக் கொரலு" என்று சொல்லிக்கொண்டு போனார். அக்கா அடுப்படியிலிருந்து தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி கூப்பிட ஆரம்பித்தாள்.

ஒன்று கவனித்தீர்களா? சினிமாவில் எங்கள் பக்கத்து ஆள் வாயைத் திறந்தால் 'வந்தாய்ங்க, போனாய்ங்க'தான். அது நாங்கள் மதிக்காதவர்களுக்கு வைத்திருப்பது. மதிப்பவர்களுக்கு 'வந்தாக'. அக்கா கோபத்தின் உச்சியில்தான் அந்த 'ஆக'வைப் போடுவாள், அப்போதுதான் உறைக்கும். டென்மார்க்கில் அந்த வசதி கிடையாது. மேலாளர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் 'டு', அதாவது நீ. நல்ல விஷயந்தான், மறுக்கவில்லை. ஆனால் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்ட மொழியில் ஒருவரை மரியாதையாகத் திட்டுவது எப்படி? ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலை பழுது பார்த்த காலத்தில் நானும் நன்றாகவே திட்டுவேன். இங்கேயும் காற்றாலைதான், காற்றும் அதே காற்றுதான். கோபம் வந்தால் மட்டும் சின்னக் குரலில் "யா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இரண்டாம் பாகம் என்று அறிவித்ததும் எங்கள் வாட்ஸப் குழு கொதித்தெழுந்தது. துபாய், சிங்கப்பூர், டொரண்டோ என்று சிதறிக் கிடக்கும் பள்ளத்தாக்குக்காரர்கள். அரிவாள் கூடவே கூடாது. லாரிக்காரன் லாரிக்காரனாகவே இருக்க வேண்டும், உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பக் கூடாது. அவனை மெதுவாக நடக்க வைக்கக் கூடாது, சரக்கு அழுகிவிடும். வசனம் எழுதுகிறவர் கம்பத்து டீக்கடையில் சில நாளாவது உட்கார வேண்டும். இப்படிக் குரல் பதிவுகளாகக் கொட்டித் தீர்த்தோம். இயக்குநர் எங்கள் குழுவில் இல்லை என்பது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை. ஊரை விட்டு வந்தவனுக்கு, ஊர் கொஞ்சமும் மாறக் கூடாது என்று அடுத்தவனை அதட்டுவதில் இருக்கிற சுகமே தனி. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அக்கா வரவேண்டும், அக்காவாகவே பேச வேண்டும்.

அக்காவைக் கூப்பிட்டார்கள். காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் போனில் எனக்குச் சொல்லிக் காட்டினாள். "'எம் மண்ணுல கால் வச்சவய்ங்களுக்குக் கால் இருக்காதுடா'வாம். ஏலே தம்பி, அவுக காலை வெட்டி நான் என்ன செய்ய? சூப்பு வைக்கவா? அங்கன நான் என் வார்த்தையத்தான் சொன்னேன். 'சூப்பர்ம்மா, டப்பிங்ல பாத்துக்குவோம்'னு சொன்னாக." டப்பிங் என்றால் சென்னைக்கு வரவழைத்து அவளையே இன்னும் நன்றாகப் பேசச் சொல்வார்கள் என்று நம்பி, அல்லிநகரத்தில் போய்ப் புதுச்சேலை எடுத்து வைத்தாள். படம் வரும்வரை யாரும் கூப்பிடவில்லை.

யாராவது கதையைச் சொல்லிவிடுவார்கள் என்று வாட்ஸப்பை மூடி வைத்துவிட்டு, ஆர்ஹூஸ் தியேட்டரில் ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனேன். மனைவி வந்தாள். காலுறைக்குப் பரிகாரமாகப் பிர்கிட்டையும் அழைத்திருந்தேன். லாரிக்காரர் மெதுவாக நடந்தார். லாரியிலிருந்து திராட்சைக்குப் பதில் அரிவாள்கள் இறங்கின. "இது அறுவடையா?" என்று பிர்கிட் காதருகே கேட்டார். "யா" என்றேன். பிறகு பந்தல் வந்தது. அக்கா இடுப்பில் கைவைத்து வாயைத் திறந்தாள். வேறு ஒரு பெண்ணின் குரல் வந்தது. அழகான குரல், கால் இருக்காதுடா என்றது. ஆனால் அக்காவின் உதடு எனக்குத் தெரியாதா? உதடு 'வந்தாக' என்றுதான் அசைந்தது. எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. சுற்றிலும் எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்து வாட்ஸப்பைத் திறந்தால், கம்பம் தியேட்டரில் யாரோ எடுத்த வீடியோ. அதே காட்சி. இருட்டில், திரையை மறைத்துக்கொண்டு அந்தப் புதுச்சேலை எழுந்து நிற்கிறது. "வந்தாக! எங்க வீட்டுல உக்காந்து கறிச்சோறு தின்னாக. சோறு செமிச்சுச்சு, எங்கொரலு மட்டும் அவுகளுக்குச் செமிக்கல. அங்கனயே போட்டுட்டுப் போயிட்டாக. பெரிய மனுசுக, நல்லா இருக்கட்டும்!" விசில் சத்தத்தில் படம் காணாமல் போயிற்று. அதற்குள்ளிருந்து மாமியாரின் குரல், "இன்னும் சத்தமாச் சொல்லுத்தா!" நாங்கள் ஊர் ஊராக உட்கார்ந்து கேட்ட இரண்டாம் பாகம் அந்த வீடியோவில்தான் இருந்தது.

நடைபாதையிலேயே நின்று அக்காவுக்குப் போன் போட்டேன். மணி போய்க்கொண்டிருக்கும்போது பிர்கிட் விடைபெற்றார். அவரிடம் இங்கே பேசுகிற அந்தச் சின்னக் குரலில் இரண்டு வார்த்தை சொன்னேன். அக்கா எடுத்ததும் அதே குரலில்தான் "ஹலோ" என்றும் சொல்லியிருக்கிறேன்.

"யாரு பேசுறது?" என்றாள் அக்கா.

"நான்தான்க்கா."

"நீயா? வேற யாரோ பேசுறாகன்னு நெனச்சேன். ஏலே, உனக்கும் அங்கன டப்பிங் போட்டுட்டாகளா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அதெல்லாம் இல்லக்கா என்று எங்கள் ஊர்க் குரலில் கத்திச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"யா" என்று வந்தது.