லோகநாயகி மாமியின் நாய்த்தீட்டு

லோகநாயகி மாமி வீட்டில் இரண்டு நாய்கள் உண்டு. பெரியதற்கு டிரங்க் என்று பெயர், சின்னதற்கு லோக்கல். மாமிக்குப் பட்டணத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூருக்கு லைன் போட்டுக்கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டர் வேலை. கேட்டில் கை வைத்ததுமே லோக்கல் குரைத்துவிடும். டிரங்க் அப்படி இல்லை. வந்தவர் உட்கார்ந்து, காபி குடித்து, ஊர்க்கதை பேசி, எழுந்து செருப்பை மாட்டும்போது ஒரே ஒரு தடவை 'வள்' என்னும்.

"வெளியூர் லைனோன்னோ, கிடைக்க நாழியாகும்" என்பார் மாமி.

மேற்குத் தாம்பரத்தில் இருந்த அந்த வீட்டுக்குள் நான் நுழையப் பார்த்தது எழுபதாம் வருஷம் ஆடி மாதத்தில். பி.எஸ்சி. தேறி, கிடைத்த விளம்பரத்துக்கெல்லாம் மனுப் போட்டுவிட்டு, இரும்புலியூரில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறியாயிற்று, அடுத்த படி எங்கே என்று சொல்ல முன்னால் போனவர் ஒருவரும் இல்லை. மாமியின் பக்கத்து வீட்டு ரத்தினபாய் டீச்சர் எனக்குப் பள்ளியில் கணக்கு எடுத்தவர். அவர்தான் சொல்லியனுப்பினார். "முனிரத்தினம், மாமியோட பொண்ணு ரெண்டாங்கிளாஸ். இழுப்பு வந்து பாதி நாள் பள்ளிக்கூடம் போகலை. நல்ல மனுஷங்க, போய்ச் சொல்லிக்கொடு."

கேட்டைத் திறந்தேன். லோக்கல் குரைத்தது. முதுகில் தட்டிக்கொடுத்ததும் என் முழங்காலில் தன் உடம்பையெல்லாம் தேய்த்தது. படியில் கால் வைத்தேன்.

"தொடாதீங்கோ! எதையும் தொடாதீங்கோ! கோட்டுக்கு அந்தப் பக்கமே நில்லுங்கோ!"

வாசற்படிக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்திருந்தது. கோட்டுக்கு உள்ளே மாமி, கையில் ஒரு நீளக் கம்புடன். அவருக்குப் பின்னால் அவர் கணவர் தோத்தாத்ரி சார், நெற்றி நிறைய நாமத்துடன். கோட்டைப் பார்த்தேன். கம்பைப் பார்த்தேன். நாமத்தையும் பார்த்தேன். கேட்டைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

என் அம்மா கங்கையம்மாள் இந்த மாதிரி வீடுகளில் வாசல் தெளித்துத்தான் என்னைப் படிக்கவைத்தாள். அந்த வீடுகளின் கொல்லைப்புற வழி மட்டுமே அவளுக்குத் தெரியும்.

"இன்னாடா, போன வேகத்துல வந்துகினே?"

"தொடாதேன்றாங்கமா."

"எந்த வூட்ல? ரெண்டு நாய் கீதே, அந்த வூட்லயா? நாயத் தொடுவாங்களாம், பி.எஸ்சி. படிச்ச என் புள்ளயத் தொடமாட்டாங்களாமா? வா, நான் கேக்குறேன்."

"வேணாம்மா."

"நீ பேசாம வா. உனுக்கு இங்கிலீஷ்தான் வரும். இதுக்கு இங்கிலீஷ் பத்தாது."

அம்மா முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். வழி நெடுக அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த வசனங்களை இங்கே எழுத முடியாது. கேட்டைத் திறந்து, குரைத்த லோக்கலை ஒரு முறை முறைத்தாள். அது வாலைச் சுருட்டிக்கொண்டு விலகியது. அம்மா கோட்டுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏம்மா..."

"நீங்க நாயைத் தொட்டேளா?" என்று கேட்டார் மாமி.

"நானா? அத்த எதுக்கு நான் தொடறேன்?"

"அப்ப உள்ள வாங்கோ. உட்காருங்கோ, காபி கலந்துண்டு வரேன். உங்க பிள்ளை மட்டும் கிணத்தடியில கை கால் அலம்பிண்டு, பான்ட்டை உதறிட்டு வரட்டும். வந்ததும் வராததுமா அந்த லோக்கலைக் கொஞ்சிட்டார்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு முன்வாசல் வழியாக உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்து, டம்ளரில் காபி குடித்தாள். நான் கோட்டுக்கு வெளியே நின்றேன். அன்று திரும்பும் வழியில் அவள் சிரித்த சிரிப்பில் இரும்புலியூர் வந்ததே எனக்குத் தெரியவில்லை. "நான் முன்வாசல்ல பூந்துட்டேன், என் பி.எஸ்சி. வெளிய நிக்குது!" என்று தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

விஷயம் இதுதான். மாமியின் மகள் கமலிக்கு ஏழு வயது. ஆஸ்துமா. நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். தாம்பரத்துப் பிள்ளை ஆனதால் அவள் அதை ரயில் கணக்கில்தான் சொல்வாள். "இன்னிக்கு பாசஞ்சர்தான் சார்" என்றால் லேசான இழுப்பு, பாடம் நடத்தலாம். "எக்ஸ்பிரஸ்" என்றால் புத்தகத்தை மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

டாக்டர் சத்தியநாதன் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நாய்களை வெளியே அனுப்புவதுதான் நல்லது என்று சொல்லிவிட்டார். கமலி உடனே வாயை இறுக மூடிக்கொண்டாளாம்.

"டிரங்கும் லோக்கலும் போனா நான் மூச்சே விடமாட்டேன்."

"இப்பவே பாதிதானே விடறே" என்றாராம் டாக்டர்.

மாமி வேறு வழி கேட்டார். டாக்டர் யோசித்தார். நாய் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. நாய் மேல் பட்ட துணி பிள்ளை மேல் படக்கூடாது. நாயைத் தொட்டவர் குளித்து, வேறு துணி மாற்றாமல் பிள்ளையைத் தொடக்கூடாது. பிள்ளையின் துணியும் படுக்கையும் தனியாக உலர வேண்டும். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். "இதெல்லாம் நடக்கிற காரியமா? ஒரு வீட்டுலயும் நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜை வரைக்கும் வேணா பாருங்க. அப்பவும் விசில் கேட்டா நாய் போயிடணும்."

"டாக்டர், இதுக்குப் பேர் மடி" என்றாராம் மாமி.

மாமி வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஓர் அத்தை வீட்டில். அத்தை குளித்து மடியாகிவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் அவள் பக்கத்தில் போக முடியாது. அவள் துணி கைக்கு எட்டாத கொடியில் உலரும், கம்பால்தான் எடுக்க வேண்டும். 'தொடாதே, தள்ளிப்போ, மேலே படாதே' என்ற மூன்றும்தான் மாமி சின்ன வயதில் அதிகம் கேட்ட வார்த்தைகள். வேலை கிடைத்துக் கல்யாணமும் ஆனதும், அந்தக் குரல் எட்டாத தூரம் எது என்று பார்த்துத் தாம்பரத்துக்குக் குடிவந்தார். வந்த வாரமே இரண்டு நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்து மடியில் போட்டுக்கொண்டார். வேண்டுமட்டும் தொட்டார்.

இப்போது அதே மாமி அதே கம்பைக் கையில் எடுத்தார். கமலியின் பாவாடை உயரக் கொடியில் உலர்ந்தது. கோடு கிழிக்கப்பட்டது. நாய்கள் கிணற்றடி முருங்கைமரத்துக்குக் கீழே தகரக் கொட்டகைக்குக் குடிபோயின. சனிக்கிழமை தோறும் அவற்றுக்குக் கார்பாலிக் சோப்பு போட்டுக் குளியல். குளிப்பாட்டிய மாமி அதற்கு மேல் ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். விதிவிலக்கு யாருக்கும் இல்லை. மாமியின் ஆபீஸ் சூப்பர்வைசர் ஒரு நாள் வந்தார். நாய்ப்பிரியர். கிணற்றடியில் தோத்தாத்ரி சாரின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, கால்சட்டையைக் கையில் மடித்துப் பிடித்தபடி காபி குடித்துவிட்டுப் போனார்.

கமலிக்காக மாமி இரண்டு டப்பாக்களை நூலில் கட்டி ஒரு டெலிபோன் செய்தார். ஒரு டப்பா ஜன்னலில், ஒன்று கொட்டகையில். "ஹலோ, லோக்கலா? சாப்டியா?" என்பாள் கமலி. லோக்கல் டப்பாவுக்குள் குரைக்கும். "டிரங்குக்கு லைன் குடு" என்பாள். பிறகு காத்திருப்பாள். நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, பெருக்கலும் முடித்து, கிளம்பும் நேரத்தில் ஜன்னல் டப்பாவில் 'வள்' என்று கேட்கும்.

எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. ஆனால் பாசஞ்சர் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் மெல்லக் கிளம்பிவிடும். மாமி குழம்பினார். கொடியைப் பார்த்தார், தலையணையைப் பிரித்தார், ஜன்னல் கம்பியைத் துடைத்தார். நான் என் பான்ட்டைச் சந்தேகப்பட்டேன். வேறு வழியில் எதுவும் வராதது போல, என்னிடமிருந்துதான் ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது என்று நினைப்பது எனக்கு எப்போதோ பழகிவிட்டிருந்தது. நாயைத் தொடாத நாளிலும் கிணற்றடியில் முழங்கால் வரை கழுவினேன்.

தோத்தாத்ரி சாருக்கு மட்டும் குழப்பமே இல்லை. "நான் அப்பவே சொன்னேன். பிள்ளையா, நாயான்னு ஒரு முடிவுக்கு வா லோகு. இந்த சனியன்களை முதல்ல வெளியில அனுப்பு" என்று வாசல் வரை கேட்கும்படி சொல்வார்.

ஆயுத பூஜை வந்தது, போனது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ரத்தினபாய் டீச்சரின் தம்பி ஜெபசீலன் முடிச்சூரிலிருந்து ஒரு பழைய வேனுடன் வந்து நின்றார். அங்கே அவருக்கு நெல் வயலும் களமும் இருந்தன. நாய்கள் ஓட இடம் உண்டு, மனசு கஷ்டப்படாதீங்க மாமி என்றார். டீச்சரும் வந்து நின்றார். டாக்டரும் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் கமலி பக்கத்தில் இருந்தேன். அவள் முக்காலியில் இரண்டு கைகளையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை.

"அழணும்னா அழு கமலி" என்றேன்.

"அழுதா எக்ஸ்பிரஸ் ஆயிடும் சார்."

மாமி கோட்டருகில் கம்பைப் பிடித்தபடி நின்றார்.

"நானே கட்டி இழுத்துண்டு வரேன். விட்டுது பீடை" என்று தோத்தாத்ரி சார் கயிற்றை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். அப்போதுதான் குளித்திருந்தார். நாமம் ஈரம் காயாமல் பளிச்சென்று இருந்தது.

போனவர் வரவில்லை. ஜெபசீலன் வேனின் பின்கதவைத் திறந்து மூடி, மறுபடி திறந்தார். ரொம்ப நேரம் கழித்து வீட்டைச் சுற்றிக்கொண்டு லோக்கல் ஓடிவந்தது. அதற்குப் பின்னால், தன் வழக்கம் போல அவசரமில்லாமல், டிரங்க் நடந்து வந்தது. கோட்டுக்கு முன்னால் வந்து நின்று எங்களை நிமிர்ந்து பார்த்தது.

அதன் நெற்றியில் நாமம் இருந்தது.

கொஞ்சம் கலைந்திருந்தாலும் நாமம்தான். இரண்டு பக்கமும் வெள்ளை, நடுவில் சிவப்பு. ரத்தினபாய் டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமி, டிரங்குக்கு உங்க பக்கம் ஞானஸ்நானம் ஆயிட்டுதா?"

கயிறும் கையுமாகத் தோத்தாத்ரி சார் வந்து சேர்ந்தார். நெற்றி காலியாக இருந்தது. வெள்ளை காது வரை இழுபட்டிருந்தது. கண்கள் சிவந்திருந்தன. சட்டையில் நாய்முடி கம்பளி போல ஒட்டியிருந்தது.

"ஏன்னா, உங்க நாமம் எங்கே?" என்றார் மாமி.

"வேர்த்துக் கொட்டித்து... அழிஞ்சிருக்கும்."

"அழியலை. டிரான்ஸ்பர் ஆயிருக்கு."

தோத்தாத்ரி சார் டிரங்கைப் பார்த்தார். அது வாலை ஆட்டியது.

"எத்தனை நாளா நடக்கறது இது?"

"ஆபீஸ் போறச்சே ஒரு வாட்டி. வந்தப்புறம் ஒரு வாட்டி." அவர் குரல் இறங்கிவிட்டது. "நான் என்ன பண்ணுவேன் லோகு? அது தோள்ல தலையை வச்சுடறது."

"அந்தச் சட்டையோடதானே கமலியை மடியில வச்சுண்டு கதை சொல்றேள்?"

"அப்பா!" என்று கமலி முக்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "நீதான் பாசஞ்சரா!"

அதற்குப் பிறகு எங்களால் நிற்க முடியவில்லை. ஜெபசீலன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமி கம்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கமலி சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் சத்தியநாதன் கேட்டைத் திறந்து, குரைத்த லோக்கலின் தலையைத் தடவிவிட்டு வந்தார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டே கை நீட்டினார்.

"டாக்டர், கிணத்தடி அந்தப் பக்கம்."

கைகால் கழுவிவிட்டு வந்து கமலியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார் டாக்டர். விசில் இருந்தது. கதை முழுவதையும் ரத்தினபாய் டீச்சர் சொல்லக் கேட்டார். தோத்தாத்ரி சாரைக் கூர்ந்து பார்த்தார். "நாயை அனுப்பறதா, இவரை அனுப்பறதான்னு முதல்ல பார்க்கணும்" என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "கிறிஸ்துமஸ் வரைக்கும் தரேன். ஒழுங்கா நடக்கணும். அப்புறமும் கேட்டா நான் ஒரு பேச்சும் கேட்கமாட்டேன்." ஜெபசீலன் காலி வேனுடன் முடிச்சூருக்குத் திரும்பினார்.

அன்று முதல் தோத்தாத்ரி சார் டிரங்கைக் கொஞ்சிய கையோடு கிணற்றடியில் காலையில் ஒரு தரம், மாலையில் ஒரு தரம், ஈரம் சொட்டச் சொட்டக் குளித்தார். உயரக் கொடியிலிருந்து கம்பால் எடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, யார் மேலும் படாமல் ஒதுங்கி உள்ளே போனார். ஐப்பசி மழையிலும் விடவில்லை. தெருவில் பேச்சுக் கிளம்பியது. இந்தக் காலத்திலும் இப்படி ஓர் ஆசாரசீலரா என்று வியந்தார்கள். மார்கழி பஜனைக்குத் தலைமை தாங்க வேண்டும் என்று இரண்டு பேர் தட்டில் பழத்தோடு வந்துவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் டாக்டர் முன்னும் பின்னுமாகக் குழாயை வைத்து வைத்துக் கேட்டார்.

"லைன் காலி" என்றார்.

"ஒரு கூட்ஸ்கூட இல்லையா?" என்றாள் கமலி, கொஞ்சம் ஏமாற்றத்துடன்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். அடைமழை நாட்களில் பாசஞ்சர் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரை டப்பா அலமாரியில் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் நாய்கள் இருக்கின்றன. கமலி பள்ளிக்கூடம் போகிறாள்.

எனக்குத்தான் ஒன்று இன்னும் விளங்கவில்லை. என் அம்மாவைக் கொல்லைப்புறத்தில் நிறுத்தியது 'தொடாதே' என்ற வார்த்தை. அதே வார்த்தைதான் இந்தப் பிள்ளையை மூச்சுவிட வைக்கிறது. அம்மாவிடம் கேட்டேன். "அது வார்த்தைல கீதா? இன்னாத்துக்குச் சொல்றாங்கன்றதுல கீது" என்றாள். அவளுக்கு எளிதாக இருக்கிறது. எனக்கு அந்தக் கோட்டுக்கு முன்னால் வரும்போது இன்றும் கால் ஒரு நொடி நிற்கிறது. பிறகுதான் தாண்டுகிறது.

நேற்றும் லோக்கல் என் காலில் விழுந்து புரண்டது. நேராகக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே தோத்தாத்ரி சார் ஈர வேட்டியில் நடுங்கிக்கொண்டிருந்தார். நெற்றி காலி.

"நீங்களுமா?" என்றார்.

"ஆமா சார்."

ராட்டினக் கயிற்றை என் கையில் கொடுத்தார். "இழுங்கோ. எனக்கு இன்னும் ஒரு வாளி வேணும்."

நான் இழுத்தேன். அவர் தலையில் ஒரு வாளி, என் காலில் ஒரு வாளி. துடைத்துக்கொண்டு, கோட்டைத் தாண்டி உள்ளே போய், கமலிக்குப் பின்னக் கணக்கு முடித்து, காபியும் குடித்துவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

முருங்கைமரத்தடியிலிருந்து டிரங்க், யாரோ வந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை குரைத்தது.