பெருவிரல் நகத்துக்கு எந்த எண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், கிழக்கிலங்கையின் சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டிலேயே குடியிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார் மாப்பிள்ளை வெறுங்காலோடு நடந்தால் குடும்பத்துக்கே அவமானம் என்று மாமனார் கறுப்புச் சப்பாத்து ஒரு சோடி வாங்கித் தந்திருந்தார். குடும்ப மானத்தைக் காப்பாற்ற மாரி முழுக்க ஈரச் சப்பாத்துக்குள் கால்களை ஊறவைத்தேன். மழை விட்டபோது வலது பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து, சுண்ணாம்புச் சுவர் போல உதிர்ந்துகொண்டிருந்தது.

அதை முதலில் கண்டவள் என் மனைவி. பொழுது சாயுமுன் அவளுடைய உம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. அந்த நாளில் அது ஒழுங்கில்லை. நான் மூன்று முழம் தள்ளியிருந்து சோறு தின்றாலும், குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று மகளுக்குத்தான் சொல்வார்.

"மகள், மருமகன்ட நகத்தில பூஞ்சணம் பத்தியிரிக்கி. வெள்ளப்பூட்டத் தட்டி, தேங்காயெண்ணெயில காய்ச்சிப் பூசினாச் சரி எண்டு சொல்லு."

மனைவி என் பக்கம் திரும்பி, எனக்குக் காது கேளாதது போல அதையே திரும்பச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாமனாரின் மூத்த சகோதரி வந்தார். என் விரலைப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் மாமியிடம் போனார்.

"தேங்காயெண்ணெய் மேலால நிண்டுரும் மச்சி. மருந்த உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போறது நல்லெண்ணெய்தான்."

"எங்கட வாப்பாக்குத் தேங்காயெண்ணெயிலதான் சுகமாச்சு."

"அவருக்கு வந்தது சேத்துப்புண். இது நகம்."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே காலையில் தேங்காயெண்ணெயும் பின்னேரம் நல்லெண்ணெயும் பூசுவதென்று முடிவானது. விரலுக்குச் சொந்தக்காரன் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கப்படவில்லை. மாமனாரும் சும்மா இருக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு போத்தல் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார்.

"எது கூட்டிக்கொண்டு போனாலும் போற ஆள் கெட்டிக்காரனா இருக்கணும்" என்று சொல்லி, இரண்டு எண்ணெயிலும் அதைச் சில சொட்டு விட்டார்.

அதன் பிறகு எனக்குத் தனி மரியாதை கிடைத்தது. பள்ளிவாசலில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டிய வரிசையில் என் இரு பக்கமும் தாராளமாக இடம் விட்டார்கள். பெரிய வாத்தியார் வகுப்பறை வாசலில் நின்று, "உள்ளுக்கு என்ன செத்துக் கிடக்கு?" என்று கேட்டார்.

பல வாரமாகியும் நகம் அப்படியே இருந்தது. மாமி பொறுமையிழந்து, பச்சை வெள்ளைப்பூட்டை அரைத்துத் துணியில் வைத்துக் கட்டச் சொன்னார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மனைவி கட்டிவிட்டாள். பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் விரல் நெருப்பாக எரிந்தது. மருமகன் சத்தம் போடக் கூடாதென்று பல்லைக் கடித்தேன்; முடியாமல் முனகிவிட்டேன்.

கதவு திறந்தது. மாமி ஒரு சட்டித் தண்ணீரோடு வெளியே வந்து என் முன்னால் குந்தினார்.

"காலத் தூக்குங்க மருமகன்."

துணியை அவிழ்த்தார். விரல் கொப்பளித்திருந்தது. தண்ணீரை மெல்ல ஊற்றிக்கொண்டே கேட்டார்: "ஆரு இதக் கட்டச் சொன்ன?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

கொப்புளம் ஆறும் வரை சப்பாத்துப் போட முடியவில்லை. ஆறிய பிறகும், இன்னும் நோகிறதென்று சொல்லி வெயிலிலும் மணலிலும் வெறுங்காலோடு திரிந்தேன். தடித்த நகத்தை வெந்நீரில் ஊறவைத்து நானே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினேன். ஐந்தாறு மாதம் கழித்து, சிறுபோக வெள்ளாமை வெட்டும் காலத்தில் அடியிலிருந்து நல்ல நகம் பாதிக்குமேல் வளர்ந்திருந்தது. மாமி தேங்காயெண்ணெய்க்கும், மாமனாரின் சகோதரி நல்லெண்ணெய்க்கும், மாமனார் வேப்பெண்ணெய்க்கும் புகழ் சேர்த்தார்கள். காற்றும் வெயிலும் பட்டதாலும் இருக்கலாம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். மூவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

ஒருமுறை நேரே கதைத்த மாமி பிறகு நிறுத்தவேயில்லை. "மருமகன், மீன்ட தலைய ஏன் ஒதுக்கிற?" "மருமகன், இந்தச் சாரன் உங்களுக்கு எடுப்பில்ல." "மருமகன், பாங்கு கேட்டும் படுத்திரிக்கிறயளா?"

இடையில் நின்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்லிக் களைத்த மனைவிக்கு அது பெரிய விடுதலை.

நான் எதையாவது கேட்டால், "உம்மாதான் எல்லாம் சொல்றாவே" என்பாள், பாயில் காலை நீட்டிக்கொண்டு.