ஆறு எண்ணும் ஆவுடைத்தாயும்

ஊரார் வீட்டில் 'ஏ வேலைக்காரி' என்ற கூப்பாட்டுக்கு ஓடி, பாத்திரம் தேய்த்தே பன்னிரண்டு வருஷம் ஓட்டியவள் ஆவுடைத்தாய். அந்தக் கை சாயங்கால வகுப்பில் கம்ப்யூட்டர் பழகி, 2007இல் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கியது என்றால் லேசுப்பட்ட காரியமா? ஆரியசாலைச் சந்தையில் மூட்டை சுமக்கும் கணவன் வேல்சாமிக்கே முதல் மாதம் நம்பிக்கை வரவில்லை.

கம்பெனி அவளுக்கு ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தது. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். பொத்தானை அமுக்கும்போதெல்லாம் புதிதாக ஆறு எண்கள் வரும். பாஸ்வேர்டோடு அதையும் அடித்தால்தான் கம்ப்யூட்டர் திறக்கும். ஓர் எண் ஒரு தடவைதான் செல்லும். பாஸ்வேர்டைத் திருடியவன்கூட இந்தக் கருவி இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. இன்னொருவர் கையில் கொடுத்தால் வேலை போகும் என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை எண்ணை அடித்தாள். தப்பு என்றது கம்ப்யூட்டர். மறுபடி அமுக்கி அடித்தாள், அதுவும் தப்பு. மூன்றாவதும் போனதும் அவளுக்குத் திறக்கவே மாட்டேன் என்று பூட்டிக்கொண்டது.

மலையாளியான மேலதிகாரி ஷிஜா கருவியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "ஆவுடைத்தாய் சேச்சி, இதை ஆரோ சும்மா கொறே, நெறைய தடவை அமுக்கியிட்டுண்டு. மெஷின் முன்னாடி ஓடிப்போச்சு, நம்ம கம்ப்யூட்டர் பின்னாடி நிக்குது. ஆருக்கெங்கிலும் கொடுத்தோ? சத்தியம் பறயணும்."

ஆவுடைத்தாய்க்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேல்சாமி கட்டிலில் சாய்ந்து சாவிக்கொத்தை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்தானே! பாவி மனுஷா, சோத்துல மண்ணள்ளிப் போட்டீரே என்று மனசு அலறியது. 'நான்தான் அமுக்கினேன்' என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பொய் சொல்லி இந்த நாற்காலியில் உட்கார அவளுக்குப் பிடிக்கவில்லை.

"கொடுக்கல மேடம். வீட்டுக்காரர் எடுத்து அமுக்கிட்டார். பத்திரமா வைக்காதது என் தப்பு."

ஷிஜா எஞ்சினியருக்குப் போன் போட்டாள். அடுத்தடுத்து இரண்டு எண்களை வாங்கி அவர் கருவியையும் கம்ப்யூட்டரையும் மறுபடி ஒத்துப்போக வைத்தார். "இது ஃபர்ஸ்ட் வார்னிங். இனி ஒரு தடவை ஆனா என்னாலயும் ஒண்ணும் செய்ய ஒக்காது கேட்டோ" என்று காகிதத்தை நீட்டினாள் ஷிஜா. கையெழுத்துப் போட்டாள் ஆவுடைத்தாய்.

வீட்டுக்கு வந்ததும் வேல்சாமியைப் பிடித்துக்கொண்டாள். "அதை எதுக்குய்யா தொட்டீரு?"

வேல்சாமி தலையைச் சொறிந்தான். "லாட்டரிக்குத்தாம்ளா. நானா யோசிச்ச நம்பர் ஒண்ணும் அடிக்கல. மெஷினு சொன்னா ராசியா இருக்கும்லா? கடைக்காரன்கிட்ட இருக்க டிக்கெட் நம்பரையெல்லாம் எழுதிட்டு வந்து, அதுல ஒண்ணோட ஒத்துவாரது வரைக்கும் அமுக்கினேன். கடைசி நாலு நம்பர் அப்படியே வந்துச்சு தெரியுமா!"

"இன்னிக்கு என் வேலை போயிருக்கும்."

அவன் முகம் செத்துப்போனது. "ஐயோ, எனக்குத் தெரியாதுளா. உனக்காகத்தான் செஞ்சேன். பரிசு விழுந்தா நீ பஸ்ஸுல தொங்கிட்டுப் போக வேண்டாம்லா, வேலையை விட்டுட்டு வீட்ல சுகமா இருக்கலாம்னு..."

கோபமெல்லாம் வடிந்து அவளுக்கு அழுகை முட்டியது. இந்த மனுஷனை என்னதான் செய்வது?

"கோடி ரூவா விழுந்தாலும் காலையில அந்த பஸ்ஸுல நான் போவேன்" என்றாள். "அங்க என்னை பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கய்யா."