சுத்தம் செய்யப்பட்டது

போன வெள்ளிக்கிழமை என் நண்பன் முனுசாமி, நாணயம் வைத்து சீல் செய்த பெட்டி ஒன்றைச் சுத்தியலால் உடைத்தான். நான் பக்கத்தில்தான் இருந்தேன். தடுத்திருக்க வேண்டுமா? முழுக்கதையும் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எனக்குப் பழைய காசு சேர்க்கிற பைத்தியம் உண்டு என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். காசுகளைப் பரிசோதித்துத் தரம் சொல்வதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. நாம் அனுப்பினால் லென்ஸ் வைத்துப் பார்த்து, அசலா போலியா என்று சொல்லி, எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். அந்த மார்க் சீட்டோடு காசையும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, திறக்க முடியாதபடி மூடி அனுப்புவார்கள். பெட்டியை உடைத்தால் மார்க்கும் போச்சு.

முனுசாமியிடம் இருப்பது ஒரே ஒரு காசு... ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். அவன் மனைவி தேவகி தாய்வீட்டிலிருந்து கொண்டு வந்தது. கும்மிடிப்பூண்டி வீட்டில் லட்சுமி படத்துக்கு முன்னால் இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்ப்பாள். பிறகு விபூதி தொட்டு இன்னொரு தேய்ப்பு, மேலே ஒரு பொட்டுக் குங்குமம்.

தேவகி போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவள் காசுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்று முனுசாமிக்கு ஆசை. நான்தான் ஒரு கம்பெனிக்கு அனுப்பி வைத்தேன்.

பெட்டி திரும்பி வந்தது. மார்க் இல்லை! சீட்டில் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான் — 'அசல். சுத்தம் செய்யப்பட்டது.'

காசு உலகத்தில் இது பெரிய குற்றம். கறுத்துப் போனால் கறுத்தபடியே விட வேண்டும். தேய்த்தால் மெல்லிய கோடுகள் விழும், மார்க் கிடைக்காது. ஆனால் கறுத்த வெள்ளியை சாமி முன்னால் வைக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

முனுசாமிக்கு வந்ததே கோபம். தேர்வாய் கண்டிகையில் ஒரு பாக்டரியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன் அவன். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் அளக்கிற கருவியை மாற்றி இன்னொரு முறை பார்ப்பது அவன் வழக்கம். "சுத்தமா வச்சிக்கினா அது ஒரு குத்தமாப்பா?" என்று கேட்டபடியே பெட்டியை உடைத்தான். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டான். காசு வேறொரு கம்பெனிக்குப் போனது.

இந்தக் கம்பெனி ஐம்பத்தைந்து மார்க் போட்டுவிட்டது. சுத்தம் செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதே காசுதான்... ஒருவர் பெயில் போட்டதை இன்னொருவர் பாஸ் போடுகிறார். விடைத்தாள் திருத்துகிறவர்களில் கறார் பேர்வழியும் உண்டு, தாராளப் பிரபுவும் உண்டு இல்லையா? அப்படித்தான். தேவகிக்குப் பிறகு யாரும் தேய்க்காததில் காசு லேசாகக் கறுத்திருந்தது. அதில் கோடுகள் மறைந்திருக்கவும் கூடும்.

எப்படியோ, பாஸ்! திருவள்ளூரிலிருந்து ஸ்வீட் பாக்கெட்டோடு கிளம்பினேன். ரயிலில் சென்னை வரை போய், வேறு ரயில் பிடித்து கும்மிடிப்பூண்டி வந்து சேர்வதற்குள் பசி வந்துவிட்டது.

முனுசாமி ஸ்வீட்டைத் தொடவில்லை. நான் கொடுத்திருந்த லென்ஸை வைத்துக்கொண்டு, பெட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என்னையும் பார்க்கச் சொன்னான். ராணியின் கன்னத்தில் முடியை விட மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாக வளைந்து போயின.

"இதான்பா அவ கட்டவெரலு போன வழி" என்றான். "மொதோ கம்பெனிக்காரன் கண்ணுக்கு அவ தெரிஞ்சா. இவன் அப்படி ஒருத்தி இல்லாத மாரியே மார்க் போட்டுக்கீறான்."

கிழித்துப் போட்ட அந்தச் சீட்டுக்காக அவன் ஏங்கினான். தன் மனைவி இருந்தாள் என்று யாரோ முன்பின் தெரியாத ஒருவர் எழுதிக் கொடுத்த தாள் அது. இப்போது கேட்டால் கிடைக்குமா?

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன சுத்தியல்; இந்தப் பெட்டியையும் உடைத்தான். காசை வெளியே எடுத்து, கட்டைவிரலை ராணியின் கன்னத்தில் அந்தக் கோடுகளின் வழியே ஓட்டினான். பிறகு எழுந்து போய்ப் புளி கரைத்தான்.

எனக்குள் இருந்த காசுப் பைத்தியம் சும்மா இருக்குமா? இன்னும் தேய்த்தால் அவள் போட்ட கோடும் அழிந்துவிடும் என்று எச்சரித்தேன்.

"வெள்ளிக்கெழம அதுவுமா கறுத்துப் போய் கெடந்தா அவ உடுவாளா?" என்றான்.

தேய்த்தான். பழக்கமில்லாத கை... நடுவில் பளபளத்தது, ஓரமெல்லாம் கறுப்பு. விபூதி தொட்டுத் துடைத்து, லட்சுமி படத்துக்கு முன்னால் வைத்து, பெரிதாக ஒரு குங்குமப் பொட்டும் வைத்தான். இனி எந்தக் கம்பெனியும் இதைப் பக்கத்தில் சேர்க்காது.

தேவகி பார்த்தால் எத்தனை மார்க் போடுவாள் என்று கேட்டேன்.

"மார்க்கா? மறுக்கா தேய்னுவா."

சொல்ல மாட்டாளா என்று இரண்டு பேருமே சமையலறைப் பக்கம் பார்த்தோம்.