இது என் புகை இல்ல

அந்த அடுக்ககத்தில் ஏழு மாடி, ஐம்பத்தாறு வீடு. அத்தனை வீட்டுக்கும் அவள் அலாரம் அக்காதான். அவள் அங்கே குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. எதிர்வீட்டு அம்மாவுக்கே அவளுடைய பெயர் தெரியாது.

காரணம் அவள் பார்க்கிற வேலை. கட்டடம் கட்டடமாகப் போய், கூரையில் ஒட்டியிருக்கும் புகை அலாரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பாள். நீளமான கம்பு, அதன் நுனியில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் பொய்ப்புகை அடிக்கிற டப்பா. கம்பைத் தூக்கி அலாரத்தின் மேல் கவிழ்த்து ஒரு அழுத்து அழுத்துவாள். ஊளையிட்டால் சரி. வாயைத் திறக்காவிட்டால் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை.

இந்த வேலையில் அவளுக்கு ஒரே ஒரு எரிச்சல், ஜனங்கள் அலாரத்துக்கு மாட்டி வைக்கிற உறை. சமைக்கும்போது கத்துகிறதாம். குளியல் தொப்பி, சாக்ஸ், டிபன் டப்பா மூடி என்று அவள் பார்க்காத உறை கிடையாது. ஒரு பல் டாக்டர் ரப்பர் கையுறையை மாட்டி வைத்திருந்தார். ஐந்து விரலும் கூரையிலிருந்து தொங்கின. அக்கா ஸ்டூலில் ஏறி அதைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அபராதச் சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினாள். இனி தன் பல்லை வேறு டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று அன்று ராத்திரி தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

இப்படிப்பட்டவள் வீட்டுக்குள்ளேயே புகை போட ஆரம்பித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது.

போன வருஷம், இறைச்சியைப் புகையில் வாட்டி விற்கிற ஒரு சின்னத் தொழிற்சாலைக்கு அலாரம் சோதிக்கப் போனாள். வேலை முடிந்ததும் அங்கிருந்த மேஸ்திரி ரொட்டித் துண்டின் மேல் மெல்லிசாக நறுக்கிய வாத்துக்கறியை வைத்து நீட்டினார். வாயில் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாகப் புகையோடுதான் பிழைப்பு, அது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபமே வந்தது. மேஸ்திரியை அரைமணி நேரம் துளைத்தெடுத்துவிட்டுத்தான் வண்டி ஏறினாள்.

வீட்டில் அப்போது சத்தமே இல்லாத காலம். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மகளுக்காகச் சமைத்தாள், மகளுக்காகச் சேர்த்தாள், மகளுக்காகவே சீக்கிரம் எழுந்தாள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிற வீட்டுக்காரர், எதைப் போட்டாலும் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லும் ரகம். அவருக்குச் சமைப்பதில் என்ன சவால் இருக்கிறது?

கனமான இரும்புச் சட்டி ஒன்று வாங்கினாள். அடியில் அலுமினியத் தாள், அதன் மேல் ஒரு கைப்பிடி மரத்தூள், மேலே கொழுப்பு சொட்டினால் பிடிக்க ஒரு தட்டு, அதற்கும் மேலே கம்பி வலை, வலையில் கோழித்தொடை. மூடியைப் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். பத்தாவது நிமிஷம் சட்டியின் ஓரமெல்லாம் வெள்ளைப் புகை கொப்பளித்தது. பன்னிரண்டாவது நிமிஷம் அலாரம் அலறியது.

அந்தக் கட்டடத்தில் ஒரு அலாரம் அடித்தால் எல்லா அலாரமும் சேர்ந்து அடிக்கும். ஐம்பத்தாறு வீடும் படியிறங்கிக் கீழே வந்து நிற்க வேண்டும். குடியிருப்போர் சங்கத்துச் செயலர் பதிவேட்டில் எழுத வேண்டும். அலாரம் அக்கா வீட்டிலேயே அலாரம் அடித்துவிட்டது என்று தெரிந்ததும் கீழே நின்றவர்கள் சிரித்த சிரிப்பை அவள் ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். கறியாவது உருப்பட்டதா என்றால் அதுவும் இல்லை, வார்னிஷ் குடித்த மாதிரி இருந்தது. வீட்டுக்காரர் மட்டும் நன்றாக இருக்கிறது என்றார்.

முதல் மாடித் தச்சர்தான் விஷயத்தைச் சொன்னார். அவள் போட்டது சாமான் வந்த பெட்டியின் மரமாம், அதில் பிசின் இருக்குமாம். பழமரத்துச் சீவல் ஒரு பை நிறையக் கொடுத்தார். புகை வெள்ளையாகக் கொப்பளிக்கக் கூடாது, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும் என்றார். அக்கா அன்றிலிருந்து கறிக்கு உப்பும் சர்க்கரையும் தேய்த்து ஒரு நாள் ஊறவைத்தாள். பிறகு கழுவித் துடைத்து, தோல் காகிதம் மாதிரி காயும்வரை மின்விசிறிக்கு முன்னால் வைத்தாள். இருந்தது ஒரு மின்விசிறி. வீட்டுக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூடியின் விளிம்பில் பிசைந்த மாவை ஒட்டி இடைவெளி இல்லாமல் அடைத்தாள்.

இந்தத் தடவை புகை வெளியே எட்டிப் பார்க்கவில்லை. நிறம் வந்திருக்கிறதா என்று அவசரப்பட்டு அடுப்படியிலேயே மூடியைத் திறந்ததுதான் தப்பு. மறுபடியும் ஐம்பத்தாறு வீடும் கீழே இறங்கியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

செயலருக்குக் கட்டடத்தில் சுற்றறிக்கை என்று பெயர். மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார், கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். செருப்பை எங்கே விடுவது என்பதற்கே இரண்டு பக்கம் எழுதுவார். மறுநாளே அறிவிப்புப் பலகையில் தாள் ஏறிவிட்டது: ஒரே வீட்டினால் மூன்றாவது தடவை மணி அடித்தால், அந்தச் சமையல் இந்தக் கட்டடத்தில் நிரந்தரமாகத் தடை. எந்த வீடு என்று எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அக்கா அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டுக் கவலையோடு படியேறினாள். சட்டி போய்விடுமே என்று மட்டும் இல்லை. பிள்ளைக்காக இல்லாமல், சம்பளத்துக்காக இல்லாமல், தனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக மட்டும் அவள் ஆரம்பித்த முதல் காரியம் அது. அது ஒரு தாளில் முடிந்துவிடும் போலிருந்தது. வீட்டுக்காரருக்கு அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டு மணி நேரம் ஒரு கவர் மாட்டிட்டு அப்புறம் கழட்டிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல?" என்றாள். "ஊர்ல இருக்கற கவரையெல்லாம் பிடுங்கிட்டு என் வீட்ல நானே மாட்டவா? அதுக்கு அந்தச் சட்டிய நானே தூக்கிப் போட்டுடுவேன்."

ஆனால் அவள் சட்டியைத் தூக்கிப் போடவில்லை. ஒரு மாதம் கண்கொத்திப் பாம்பாக அதன் பக்கத்திலேயே நின்று பழகினாள். தீயை எவ்வளவு இறக்கலாம், சீவல் எத்தனை பிடி போதும், அடுப்பை அணைத்தபின் எவ்வளவு நேரம் மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும், எல்லாம் கைக்கு வந்தது. திறப்பது எப்போதும் பால்கனியில்தான். நாலு ஞாயிறு போயிற்று, ஒரு தடவைகூட அலாரம் மூச்சுவிடவில்லை. ஐந்தாவது ஞாயிறு தைரியம் வந்து ஒரு முழு வாத்தை வாங்கினாள்.

காலை பதினொரு மணி. வாத்து ஏறக்குறைய முடிந்துவிட்டது, இன்னும் ஐந்து நிமிஷம்தான். அப்போது கட்டடம் முழுக்க மணி அடித்தது.

வீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்க ஓடினார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். புகையை முகர்ந்து மணியடிக்க வைத்த அலாரத்தில் சிவப்பு விளக்கு நிலையாக எரியும். மற்றதெல்லாம் கண் சிமிட்டும். அவள் வீட்டு அலாரம் சிமிட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட நேரமில்லை. நாலாம் மாடியிலிருந்து இறங்கும்போது மாடி மாடியாகத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். மூன்றாம் மாடி நடையின் கோடியில், சுற்றறிக்கையின் கதவுக்கு எதிரே, சிவப்பு நிலையாக எரிந்தது. கதவிடுக்கிலிருந்து கருகிய நாற்றம். தட்டினாள், பதில் இல்லை, பூட்டியிருந்தது. புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தாள். சூடு ஏறவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

கீழே மொத்தக் கட்டடமும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. சுற்றறிக்கை அறிவிப்புப் பலகை பக்கத்தில் இருந்தார். ஏதோ புதுத் தாள் ஒட்ட வந்தவர், ஒரு கையில் பசை. மறு கையில் பதிவேடு. அவள் வீட்டு எண்ணை ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.

"சாவியக் குடுங்க சார்."

"மொதல்ல இதுல கையெழுத்துப் போடுங்கம்மா."

"இது என் புகை இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அக்காவுக்குக் காது சூடாகியது. இத்தனை வருஷம் இந்தக் கட்டடத்தில் அவள் ஒரு பொய் சொன்னதில்லை. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"சார், அடுப்புல என்ன வச்சிட்டு வந்தீங்க?"

சுற்றறிக்கை மேலே தன் வீட்டு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். பதிவேட்டை மூடினார். பசை கையிலிருந்து நழுவியது. சட்டைப்பையில் தேடிச் சாவியை எடுத்து நீட்டினார்.

படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு அக்கா ஏறினாள், பின்னால் வீட்டுக்காரர். வராதீர்கள் என்று சொல்லியும் கேட்காமல் அவருக்கும் பின்னால் செயலர். உள்ளே அடுப்பில் தண்ணீர் வற்றிய பாத்திரம் சிவந்துபோயிருந்தது. முட்டைகள் வெடித்துச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தன. பாத்திரத்தின் பிளாஸ்டிக் பிடி உருகி வழிந்து, பக்கத்தில் தொங்கிய துணியின் ஓரத்தில் அப்போதுதான் தீ ஏறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள், தீயணைப்பானால் துணியின் மேல் இரண்டே தடவை பீய்ச்சினாள், ஜன்னலைத் திறந்தாள். மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். அடுப்படி அலாரத்தின் மேல், மழையில் நனையாமல் அறிவிப்புத் தாளைப் போட்டு வைக்கிற பிளாஸ்டிக் உறை, நாலு பக்கமும் டேப் ஒட்டி.

"ரொட்டி வாட்டும்போதெல்லாம் கத்துதும்மா," என்றார் செயலர், தரையைப் பார்த்துக்கொண்டு.

அக்கா ஸ்டூலில் ஏறினாள். ஒரு மாதமாக அவளைத் தூங்கவிடாத மனுஷர். கீழே ஐம்பத்துநாலு வீட்டு ஆட்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த உறையை ஆட்டிக்கொண்டு இறங்கினால் போதும். ஆனால் அவருடைய தோள் அத்தனை தாழ்ந்து அவள் பார்த்ததே இல்லை. உறையைப் பிடுங்கி, வழக்கம்போல அவர் கையிலேயே கொடுத்தாள். கத்தத்தான் அதை அங்கே மாட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னாள். சோதனைப் பொத்தானை அழுத்தினாள். அலாரம் உற்சாகமாக ஊளையிட்டது.

கீழே போனதும் செயலர் பதிவேட்டைத் திறந்தார். அவள் வீட்டு எண்ணை அளவுகோல் வைத்து நேர்கோடாக அடித்தார். தன் எண்ணை எழுதினார். எழுதியதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்: காரணம், செயலரின் கவனக்குறைவு, அலாரத்துக்கு உறை மாட்டியதும் அவரே. அப்படி எழுதச் சொல்லி அக்கா கேட்கவே இல்லை. மனுஷர் பிடிவாதக்காரர்தான், ஆனால் தாளில் பொய் எழுதத் தெரியாதவர். அந்த நிமிஷம் அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்கு வந்து சட்டியைப் பால்கனிக்குத் தூக்கிப் போனாள். ஒன்றரை மணி நேரமாக மூடியே கிடந்ததில் புகை முழுக்கக் கறியில் இறங்கியிருந்தது. வாத்து தேன் நிறத்தில் மின்னியது. தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தாள்; கனச்சட்டியின் சூட்டிலேயே வெந்திருந்தது. ஒரு துண்டு நறுக்கி வாயில் போட்டாள், அன்று தொழிற்சாலையில் நின்ற மாதிரியே நின்றாள். சந்தோஷம் தாங்காமல் கண்ணில் நீர் வந்தது. புகையா என்று வீட்டுக்காரர் கேட்டார். அவரும் ஒரு துண்டு தின்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார்.

சாயங்காலத்துக்குள் தச்சர் வந்தார், எதிர்வீட்டு அம்மா வந்தார், ஏழாம் மாடியிலிருந்துகூட ஆள் வந்தது. தட்டில் எலும்பு மட்டும் மிஞ்சிய நேரத்தில் கடைசியாக ஒருவர் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினார். சுற்றறிக்கை. அக்கா மூடி வைத்திருந்த இரண்டு துண்டை எடுத்து நீட்டினாள். நின்றபடியே தின்று முடித்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தச் சட்டியில முட்டையும் வைக்கலாமா?"

"தாராளமா வைக்கலாம் சார். அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வாங்க. ஆனா முடியற வரைக்கும் நீங்க அடுப்பு பக்கத்துலதான் நிக்கணும்."