மொட்டை போட்டவர்களைத் தெரியாத கம்ப்யூட்டர்

எங்கள் ஆஸ்பத்திரி திருத்தணி மலையடிவாரத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. நான் அங்கே நோயாளிகளைப் பதிகிற கவுண்டரில் வேலை செய்கிறேன். பத்தாவதோடு நின்றவள். யாரிடமும் நானாகப் போய்ப் பேசுகிற பழக்கம் கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, கேட்டதற்குப் பதில் சொன்னால் போதும் என்கிற அந்த வேலை எனக்குச் சரியாக இருந்தது. கம்ப்யூட்டர் வரும்வரை.

நிறையக் கம்பெனிக்காரர்கள் வந்து காட்டினார்கள். விலை குறைவாகச் சொன்னவர், டேப்லெட்டைப் பெரிய டாக்டரின் முகத்துக்கு நேரே நீட்டினார். உடனே அவருடைய வயது, ரத்த வகை எல்லாம் திரையில் வந்தன. இனிமேல் யாரும் பழைய சீட்டைத் தூக்கிக்கொண்டு வரவேண்டாம், முகம் போதும் என்றார். எங்களுக்கு வாயடைத்துப்போனது. அன்றைக்கே முடிவாகிவிட்டது.

மற்றதெல்லாம் பிறகுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பழைய ஃபைல்களை உள்ளே ஏற்றத் தனிக் கட்டணம். அவசரத்துக்கு ஃபோனில் உதவி வேண்டுமென்றால் தனி. ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு விழுந்துவிட்டால், அதை ஒன்றாக்கத் தனி. பெரிய டாக்டர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார்.

திருத்தணியில் உடம்பு சரியாகிவிட்டால் முதலில் செய்வது மலைக்குப் போய் மொட்டை போடுவதுதான். கிருத்திகை முடிந்த வாரம் எங்கள் கவுண்டருக்கு முன்னால் சந்தனம் பூசிய தலைகளாக நிற்கும். டேப்லெட் அவர்களைப் பார்த்துப் 'பதிவு இல்லை' என்று சொல்லும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். புதிய பதிவு போட்டு உள்ளே அனுப்பிவிடுவோம். டேப்லெட்டை வாங்கிய அன்று மேசையைச் சுற்றி இருந்தவர்களில், விற்க வந்தவரைத் தவிர, எப்போதாவது மொட்டை போடாத தலை ஒன்றுகூட இல்லை. முடி போனால் இதற்கு முகம் தெரியுமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் அக்கா கனகம்மாசத்திரத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரியில் போட்ட ஒரு ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முகம் வீங்கி, மூச்சுத் திணறி, திருவள்ளூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்து வந்த பிறகு, அந்த ஊசியின் பெயரை அவளுடைய பதிவில் சிவப்பு எழுத்தில் ஏற்றினோம். எழுத்துக்கு எழுத்துப் பார்த்து நான்தான் அடித்தேன். அவள் நிம்மதியாகப் பழைய சீட்டுகளையெல்லாம் போகியில் போட்டுக் கொளுத்தினாள். உயிர் பிழைத்ததற்கு வேண்டிக்கொண்ட மொட்டையைத் தைக் கிருத்திகையில் போட்டாள். வெறுங்காலோடு படி ஏறியதில் பாதத்தில் எதுவோ குத்தியிருந்தது.

கால் வீங்கி, காய்ச்சலோடு அவள் வந்தபோது நான் கவுண்டரில் இல்லை, மருந்துக் கடையில் இருந்தேன். திரும்பி வந்தால், என்னோடு வேலை செய்கிற பொதட்டூர்பேட்டைப் பெண், "உங்க அக்கா வந்துகீறாங்க, டியூட்டி டாக்டர் பாத்துகினு கீறாரு" என்றாள். திரையைப் பார்த்தேன். புதிய பதிவு.

உள்ளே நர்ஸ் ட்ரேயோடு நின்றுகொண்டிருந்தார். ஏதாவது ஊசி ஒத்துக்கொள்ளாதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவர் பார்த்திருக்கிறார், ஒன்றும் இல்லை.

வாசலில் நின்றேன். "போடாதீங்க சார்" என்றேன். எனக்கே கேட்காத மாதிரி இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

"எந்த ஊசிம்மா ஆகாது?"

நானே அடித்த பெயர். ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை.

டாக்டர் ட்ரேயை ஓரமாக வைக்கச் சொன்னார். பழைய பதிவைத் தேடினோம். பெயரைப் போட்டால் அதே பெயரில் பாதி ஊர் வந்தது. பதிந்திருந்தது அவள் மகனின் பழைய ஃபோன் நம்பர். அதை அவன் எப்போதோ விட்டுவிட்டான், யாருக்கும் நினைவில்லை. கம்பெனிக்கு ஃபோன் செய்தால், அந்தச் சேவையை நீங்கள் வாங்கவில்லையே, எழுதி அனுப்புங்கள் என்றார்கள். அக்காவுக்குக் குளிர் தூக்கிப் போட ஆரம்பித்திருந்தது. காத்திருக்கவும் முடியாது, தெரியாமல் எதையும் போடவும் முடியாது என்று டாக்டர் நடந்துகொண்டே இருந்தார்.

முந்தானையைத் தலையில் போட்டுக் காட்டினோம். பதிவு இல்லை. சந்தனத்தைத் துடைத்துக் காட்டினோம். சற்று முன் போட்ட புதிய பதிவுதான் வந்தது. அப்போது பொதட்டூர்பேட்டைப் பெண் தன் பின்னலை அவிழ்த்தாள். அக்காவுக்குப் பின்னால் ஒட்டி நின்று, முடியை அவள் தலைமேல் போட்டு, வகிடு பிரித்து இரண்டு பக்கமும் இறக்கினாள்.

"பாத்தும்மா, பேன் கீன் ஏறிடப்போது" என்றாள் அக்கா, பல் கிட்டிக்க.

"ஏறி அங்க எதப் புடிச்சிகினு நிக்கும்?"

டேப்லெட் கொஞ்சம் யோசித்தது. பிறகு திறந்தது. முதல் வரியிலேயே சிவப்பு எழுத்து. நர்ஸ் அதைப் படித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ட்ரேயை எடுத்துக்கொண்டு போனார். டாக்டர் வேறு மருந்து எழுதினார். சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது.

இப்போது மொட்டைத் தலை எது வந்தாலும், முன்னால் வந்திருக்கிறீர்களா, எந்த ஊசியாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று நானாகவே கேட்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். சாப்பிடப் போனாலும் பாதியில் எழுந்து வந்து வரிசையைப் பார்க்கிறேன்.

அக்காவின் இரண்டு பதிவும் அப்படியே கிடக்கின்றன. ஒன்றில் சிவப்பு எழுத்து, ஒன்றில் ஒன்றுமில்லை. ஒன்றாக்கச் சொல்லிப் பெரிய டாக்டரிடமே போய்க் கேட்டேன். கம்பெனியோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அக்காவுக்கு முடி விரல் நுழைகிற அளவு வளர்ந்துவிட்டது. போன வாரம் காலைக் காட்ட வந்தவள், டேப்லெட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இப்ப நான் பழைய ஆளா, புது ஆளாடி?" என்றாள்.

எது திறக்கப்போகிறது என்று தெரியாமல் நானும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.